பயணச்சீட்டில் ஒரு பெயர், விமானி அறையில் வேறு பெயர்

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இரவு. நியூயார்க் மாநகருக்கு அருகிலுள்ள நூவர்க் விமான நிலையத்திலிருந்து பஃபலோ நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. பயணிகளின் சீட்டில் 'கான்டினென்டல்' என்று அச்சிட்டிருந்தது. விமானத்தின் உடலிலும் அதே பெயர், அதே வண்ணம். ஆனால் அதை இயக்கியது கான்டினென்டல் கம்பெனி அன்று. அதை ஓட்டிய இருவரும் அக்கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் அல்லர். வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்தார் அவ்விமானத்தை அழைத்த பெயர் 'கோல்கன் 3407'.

இரவு 10.17 மணிக்கு, தரையிறங்க இன்னும் சில கிலோமீட்டரே இருக்கையில், அது கிளாரன்ஸ் சென்டர் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். இறந்தவர்களின் குடும்பத்தார் பலர் 'கோல்கன்' என்ற பெயரையே அதன் பிறகுதான் கேள்விப்பட்டனர்.

ஒரு பெயரில் சீட்டு விற்று, வேறொருவர் விமானத்தில் ஏற்றி அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்குக் 'கோட் ஷேரிங்', அதாவது குறியீட்டுப் பகிர்வு என்று பெயர். இது வெறும் வியாபாரச் சங்கதி, இயற்பியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கம்பெனி அலுவலகத்தில் கையெழுத்தாகும் ஒரு தாள், விமானி எந்த விமானத்தை ஓட்டுவார், ஒரு நாளில் எத்தனை முறை தரையிறக்குவார், முதல்நாள் இரவு எங்கே தூங்குவார் என்பவற்றை எல்லாம் தீர்மானிக்கிறது. விமானத்தின் எடையும் எஞ்சினின் அளவும்கூட அத்தாளுக்குக் கட்டுப்படுகின்றன. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு எழுத்தின் மதிப்பு

உலகிலுள்ள ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. ஏர் இந்தியாவுக்கு 'ஏ.ஐ.', லுஃப்தான்சாவுக்கு 'எல்.ஹெச்.'. அதன் பின்னால் வரும் எண்ணையும் சேர்த்தால் ஒரு விமானப் பயணத்தின் அடையாளம் கிடைத்துவிடும். நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரே நேரத்தில், ஒரே வாயிலில் புறப்படும் ஒரே விமானத்துக்கு மூன்று நான்கு எண்கள் மாறி மாறி ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். விமானம் ஒன்றுதான்; அதன் இருக்கைகளைத் தத்தம் குறியீட்டில் விற்றவர்கள் பலர்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற சமையல்காரர் ஒருவரிடம் பேசி முன்பணம் கொடுக்கிறோம். அதே நாளில் அவருக்கு இன்னும் நான்கு முகூர்த்தங்கள். நம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவர் அவர் ஏற்பாடு செய்த வேறொருவர். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பெரியவரின் கைமணத்தைத்தான் புகழ்வார்கள். சாம்பாரில் உப்பு மிகுந்தால் மட்டும் "உண்மையில் சமைத்தது யார்?" என்ற கேள்வி பிறக்கும்!

இந்த ஏற்பாடு புதியதன்று. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலகேனி ஏர்லைன்ஸ், சிற்றூர்களுக்குப் பெரிய விமானம் ஓட்டி நட்டப்படுவதைத் தவிர்க்க ஒரு வழி கண்டது. மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் ஊருக்கான சேவையை ஹென்சன் என்ற சிறு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. விமானமும் விமானியும் ஹென்சனுடையவை. பெயரும் முன்பதிவும் அலகேனியுடையவை. அப்போது அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று, 1978-இல் அமெரிக்க அரசு விமானத்துறையின் மீதிருந்த கட்டணக் கட்டுப்பாடுகளையும் தடக் கட்டுப்பாடுகளையும் நீக்கும் சட்டத்தை இயற்றியது. பெரிய கம்பெனிகள் வண்டிச் சக்கரத்தைப் போன்ற அமைப்புக்கு மாறின. நடுவில் குடம்போல் ஒரு பெரிய நகரம். அதிலிருந்து ஆரக்கால்கள்போல் சுற்றுப்புற ஊர்களுக்குக் குறுந்தடங்கள். இந்த ஆரக்கால்களில் ஓடச் சிறு விமானங்கள் வேண்டியிருந்தன. மற்றொன்று, கணிப்பொறி. பயண முகவர்களின் மேசையிலிருந்த திரையில் விமானங்கள் வரிசையாகத் தோன்றும். வழியில் விமானம் மாறவேண்டிய பயணமாயின், இரு கட்டங்களும் ஒரே குறியீட்டில் இருந்தால் திரையின் மேற்புறத்தில் வரும். வெவ்வேறு குறியீடாயின் கீழே போய்விடும். முகவர்கள் முதல் திரையைத் தாண்டிப் பார்ப்பது அரிது. எனவே சிறு கம்பெனிகள் தம் குறியீட்டைக் கைவிட்டுப் பெரிய கம்பெனியின் குறியீட்டைப் பூணத் தொடங்கின. 1980-களின் நடுவில் இது காட்டுத்தீயாய்ப் பரவிற்று. 2009-இல் அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழப் பாதி இத்தகைய வட்டாரக் கம்பெனிகளுடையதாய் இருந்தது.

பணம் போகும் வழி

பகிர்வு ஒப்பந்தத்தில் இரு வகை உண்டு. சீட்டில் வந்த பணத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வது ஒன்று. மற்றது, பெரிய கம்பெனி அந்த விமானத்தின் இருக்கைகள் முழுவதையும் மொத்தமாக வாங்கிவிடுவது. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்தில் என்பதைப் பெரிய கம்பெனியே முடிவு செய்யும். பொதுவாக எரிபொருள் செலவையும் அதுவே ஏற்கும். சிறு கம்பெனிக்கு ஒரு புறப்பாட்டுக்கு இவ்வளவு, பறந்த ஒரு மணிக்கு இவ்வளவு என்று கூலி. விமானம் நிரம்பினாலும் காலியாய்ப் போனாலும் அதில் மாற்றமில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குத்தான். காலம் முடிந்ததும் வேறொரு சிறு கம்பெனி குறைந்த விலை சொன்னால் வேலை அங்கே போய்விடும். அப்படியானால் சிறு கம்பெனி எதில் சிக்கனம் பிடிக்க முடியும்? விமானத்தின் விலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. நிலையக் கட்டணமும் அப்படியே. மிஞ்சியிருப்பது ஆட்களின் சம்பளம். கோல்கன் விபத்தின் பொது விசாரணையில், அதன் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர் அளவில் என்ற பேச்சு எழுந்தபோது அமெரிக்க மக்கள் திடுக்கிட்டனர்.

விமானிக்கு மற்றொரு கட்டும் உண்டு. அவருடைய சம்பளம், ஓட்டும் விமானம், விடுமுறை எல்லாமே பணிமூப்பைப் பொறுத்தவை. அந்த மூப்பு ஒரு கம்பெனிக்குள்தான் செல்லும். பத்தாண்டு அனுபவமுள்ள கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே கடைசி ஆளாகச் சேரவேண்டும். ஆகவே ஒப்பந்தம் கைமாறும்போது தடம் நகரும், விமானம் நகரும், விமானி மட்டும் தம் மூப்பை எடுத்துக்கொண்டு நகர முடியாது. பணித்தளம் திடீரென்று வேறு நகருக்கு மாற்றப்படுவதும் உண்டு. குறைந்த சம்பளத்தில் நியூயார்க் போன்ற இடத்தில் வீடு எடுக்க முடியுமா? எனவே பலர் தொலைவிலுள்ள சொந்த ஊரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, மற்ற விமானங்களில் காலியாக இருக்கும் இருக்கையில் ஏறி வேலைக்கு வருகின்றனர். கோல்கனின் நூவர்க் தளத்தில் இருந்த 137 விமானிகளில் 93 பேர் இப்படி வந்தவர்கள். அவர்களில் 29 பேரின் வீடு 1,000 மைலுக்கும் அப்பால்! காலையில் மின்ரயிலில் கல்லூரிக்கு வருவதையே பெரும்பாடாக நினைக்கும் எனக்கு, இந்த எண்ணைப் படித்தபோது சற்று நேரம் நம்பவே முடியவில்லை.

வேலையின் தன்மையும் வேறு. கண்டம் தாண்டும் விமானி ஒரு நாளில் ஒருமுறை எழும்பி ஒருமுறை இறங்குவார். குறுந்தட விமானி நான்கு, ஐந்து முறை ஏறி இறங்குவார். கவனம் மிகுதியாகத் தேவைப்படுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான், நடுவானில் அன்று. சம்பளம் குறைந்தவருக்கு இந்த வேலை மிகுதி.

அந்த இரவு

துணை விமானிக்கு வயது 24. வீடு அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் பக்கம். முதல்நாள் மாலை புறப்பட்டு, சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வரை, அங்கிருந்து நள்ளிரவுக்குப் பின் மற்றொரு சரக்கு விமானத்தில் நூவர்க் வரை பயணம் செய்து, காலை ஆறரை மணி அளவில் வந்து சேர்ந்தார். போதாக்குறைக்குச் சளி. கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில். அவர் இரவை நிலையத்தின் ஊழியர் ஓய்வறையில் கழித்தார். அங்கே இரவு தங்கக் கம்பெனி விதி இடம் தரவில்லை. விடியற்காலை 3 மணி 10 நிமிடத்துக்கு அவர் கம்பெனிக் கணிப்பொறியில் நுழைந்ததற்குப் பதிவு இருக்கிறது. அந்த நேரத்தில் ஆழ்ந்து உறங்கியவர் யாரும் கணிப்பொறியைத் தொடமாட்டார்.

விமானம் 74 இருக்கைகள் கொண்ட க்யூ-400. இரண்டு உந்துவிசிறிகள் உடையது. இனி நடந்ததைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

இறக்கையின் தூக்குவிசை இரண்டைப் பொறுத்தது: காற்றின் வேகத்தின் வர்க்கம், இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலுள்ள தாக்குக்கோணம். சமமட்டத்தில் பறக்கையில் தூக்குவிசை விமானத்தின் எடைக்குச் சமமாக இருக்கவேண்டும். வேகம் 100-லிருந்து 80-ஆகக் குறைந்தால் அதன் வர்க்கம் 10,000-லிருந்து 6,400 ஆகிவிடும். இழப்பை ஈடுசெய்ய மூக்கைத் தூக்கித் தாக்குக்கோணத்தைக் கூட்டவேண்டும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று அதை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். தூக்குவிசை சரியும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்பர். எஞ்சின் நின்றுபோவதை இது குறிக்காது; இறக்கை தன் வேலையை நிறுத்திவிட்டது என்பதே பொருள்.

இந்நிலையிலிருந்து மீளும் வழி மனித உணர்வுக்கு நேர் எதிரானது. கீழே விழுகிறோமே என்று தண்டை இழுத்து மூக்கைத் தூக்கினால் தாக்குக்கோணம் மேலும் கூடி நிலைமை மோசமாகும். தண்டை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தவேண்டும். காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும். இதனைப் பாடத்தில் எழுத ஒரு நிமிடம் போதும். கையில் படிய நீண்ட பயிற்சி வேண்டும். சைக்கிள் சாய்கிற பக்கமே கைப்பிடியைத் திருப்பவேண்டும் என்பதை முதன்முதலில் கற்றபோது எத்தனை முறை விழுந்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்டால் நெருங்குமுன் எச்சரிக்க விமானத்தில் ஒரு கருவி உண்டு. அது கட்டுப்பாட்டுத் தண்டைக் கடகடவென்று நடுங்கச் செய்யும். இறக்கையில் பனிக்கட்டி படியக்கூடிய வானிலையில் இறக்கையின் வடிவம் கெட்டு, ஸ்டால் முன்னதாகவே வரக்கூடும். ஆகவே அந்நேரத்தில் ஒரு விசையைத் திருப்பி வைத்தால் எச்சரிக்கை சற்று உயர்ந்த வேகத்திலேயே வரும். அன்று அந்த விசை திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் இறங்கும் வேகத்தைக் கணக்கிட்டபோது பனியில்லாத நிலைக்குரிய 118 நாட் என்ற வேகத்தையே குறித்துக்கொண்டனர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஒருபுறம் எச்சரிக்கை உயர்ந்த வேகத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மறுபுறம் அதற்கும் கீழான வேகத்தில் இறங்கத் திட்டம். இந்த முரண்பாட்டை இருவருமே கவனிக்கவில்லை. வேகமானியின் பக்கத்தில் சிவப்புக் குறி மேலேறி வருவதும் கண்ணில் படவில்லை.

131 நாட் வேகத்தில் தண்டு நடுங்கியது. தானியங்கி ஓட்டி விலகிக்கொண்டது. அக்கணத்தில் விமானம் உண்மையில் ஸ்டாலை நெருங்கியிருக்கவில்லை என்று பிற்பாடு ஆய்வாளர் கண்டனர். மூக்கைச் சிறிது தாழ்த்தி எஞ்சின் திறனைக் கூட்டியிருந்தால் பயணிகளுக்கு ஒரு குலுக்கலோடு போயிருக்கும். கேப்டன் தண்டைத் தம் பக்கம் இழுத்தார். மூக்கு 30 பாகைக்கும் மேலாக எழும்பிற்று.

இழுக்கும்போது விமானம் வளைந்து மேலேறுகிறது. வளைபாதைக்கு மையநோக்கு விசை வேண்டும். அதையும் இறக்கையே தரவேண்டும். எடையைப் போல் 1.44 மடங்கு தூக்குவிசை தேவைப்பட்டால், ஸ்டால் வேகம் அதன் வர்க்கமூலமாகிய 1.2 மடங்கு உயரும். சாதாரணமாக 100-இல் வரும் ஸ்டால் 120-இலேயே வந்துவிடும். இல்லாதிருந்த ஆபத்தை அந்த இழுப்பே உண்டாக்கியது. தண்டைத் தானாக முன்னே தள்ளும் மற்றொரு கருவி மூன்று முறை இயங்கியது. கேப்டன் அதையும் எதிர்த்து இழுத்தார். துணை விமானி, கேட்காமலே, இறக்கையின் பின்மடிப்புகளை உள்ளிழுத்தார். தூக்குவிசை இன்னும் குறைந்தது. எச்சரிக்கை எழுந்ததிலிருந்து எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. எச்சரிக்கைக்குக் கேப்டன் செய்த தவறான எதிர்வினையே காரணம். வேகத்தைக் கவனியாமை, இறங்கும் நேரத்தில் வேலைக்குப் புறம்பான பேச்சு, பனிக்காலத்தில் வேகம் குறிப்பதற்குக் கம்பெனியின் போதாத நடைமுறைகள் ஆகியவை துணைக் காரணங்கள். களைப்பு இருவரின் செயலையும் பாதித்திருக்கக்கூடும். ஆனால் எவ்வளவு என்று அறுதியிட முடியாது என்றது வாரியம். களைப்பையும் துணைக் காரணமாகச் சேர்க்கவேண்டும் என்று வாரியத் தலைவரே தனிக்கருத்து எழுதினார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. களைப்புக்கு வெப்பமானி போல் ஓர் அளவுகோல் இல்லை என்பதனால் அது இல்லாததாகிவிடுமா?

தாளின்மீது திரும்பிய பார்வை

அதே வாரியம் 2010 அக்டோபரில் குறியீட்டுப் பகிர்வும் பாதுகாப்பும் என்ற பொருளில் மட்டுமே இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தியது. அதற்கு முன்பே, இறந்தவர்களின் குடும்பத்தார் வாஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் படையெடுத்ததன் பயனாக, 2010 ஆகஸ்டு முதல் நாள் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. இணையத்தில் சீட்டு விற்பவர்கள், உண்மையில் விமானத்தை இயக்குவது எந்தக் கம்பெனி என்பதை முதல் திரையிலேயே, எளிதில் கண்ணில் படும்படி காட்டவேண்டும் என்பது அதில் ஒரு விதி. துணை விமானிக்கும் முழுநிலை உரிமம் வேண்டும் என்பது மற்றொன்று. முன்பு 250 மணி நேரம் பறந்தவரே துணை விமானி ஆகலாம். 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. படைவிமானிகளுக்கும் விமானப் படிப்பில் பட்டம் பெற்றோருக்கும் சலுகை உண்டு.

இந்த 1,500 மணி விதியைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. கோல்கன் கேப்டன் 3,379 மணி நேரம் பறந்தவர். துணை விமானி 2,244 மணி. இருவரும் அந்த எல்லையைத் தாண்டியவர்களே! கேப்டனுக்கு க்யூ-400-இல் இருந்த அனுபவமோ 111 மணிதான். எண்ணிக்கை எளிதில் அளக்கக்கூடியது என்பதனால் சட்டம் அதைப் பற்றிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்வில் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஆசிரியர்கள் செய்வதும் அதுதானே. எனினும் விதிக்கு எதிர்பாராத ஒரு விளைவு ஏற்பட்டது. விமானிகள் எளிதில் கிடைக்கவில்லை. வட்டாரக் கம்பெனிகள் சம்பளத்தை உயர்த்தியே தீரவேண்டியதாயிற்று. 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணைக் கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் வரை தர முன்வந்தன.

களைப்பு பற்றிய விதி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணிக்குமுன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறின்றி உறங்க வாய்ப்பு. பணி தொடங்கும் நேரத்தையும் எத்தனை முறை இறங்கவேண்டும் என்பதையும் பொறுத்து அன்றைய பணிநேரத்தின் உச்சவரம்பு 9 முதல் 14 மணி வரை மாறும். நடுராத்திரியில் தொடங்கினாலோ, அடிக்கடி இறங்க நேர்ந்தாலோ நேரம் குறையும். உடலின் உள்கடிகாரத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று சொல்லலாம். ஆனால் வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் நெடும்பயணம் இதில் பணியாகக் கணக்கிடப்படவில்லை. அது விமானியின் சொந்தப் பொறுப்பு என்றே விடப்பட்டுள்ளது.

பகிர்வு எப்போதும் தரத்தைத் தாழ்த்தும் என்று நினைத்துவிடாதீர்கள். 1999 ஏப்ரலில் கொரியன் ஏர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று ஷாங்காயில் விழுந்தவுடன், அதனோடு பகிர்வு வைத்திருந்த டெல்டா அதை நிறுத்தி வைத்தது. தன் பெயரை இன்னொருவர் விமானத்தின்மேல் வைக்க இனி அஞ்சினது. கொரியன் ஏர் அடுத்த ஆண்டே டெல்டாவில் பணியாற்றிய அதிகாரி ஒருவரை அழைத்து விமானிகளின் பயிற்சியைத் திருத்தி அமைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் பகிர்வு மீண்டது. நமக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்க விமானத்துறை, இந்தியாவின் பாதுகாப்பு மேற்பார்வை போதாதென்று இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அத்தரத்தில் உள்ள நாட்டின் விமானங்களில் அமெரிக்கக் கம்பெனியின் குறியீடு இருக்கக்கூடாது. குறைகளைச் சரிசெய்து 2015 ஏப்ரலில் இந்தியா முதல் தரத்தை மீட்டது.

எடையில் ஒரு வேலி

இனிப் பெரிய கம்பெனியின் விமானிகள் பக்கம் வருவோம். தங்கள் கம்பெனியின் சீட்டை வைத்துக்கொண்டு வேறொருவர் பறப்பதென்றால், தங்கள் வேலை அல்லவா போகிறது? எனவே அவர்களுடைய சங்கங்கள் கம்பெனியுடன் செய்யும் ஒப்பந்தத்தில் 'ஸ்கோப்' என்னும் எல்லை விதியைச் சேர்த்தன. வெளியாருக்குக் கொடுக்கும் விமானம் இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்பதே அது. 2009-இல் கான்டினென்டலின் விதி என்ன தெரியுமா? ஜெட் விமானமானால் 50 இருக்கைதான். உந்துவிசிறி விமானத்துக்கு அந்தத் தடை கிடையாது. பஃபலோ தடத்தில் 74 இருக்கை க்யூ-400 ஓடியதன் பின்னணியில் இவ்விதியும் இருந்தது.

இன்று அமெரிக்காவின் மூன்று பெருங் கம்பெனிகளிலும் ஏறக்குறைய ஒரே எல்லைதான்: 76 இருக்கை, புறப்படும் உச்ச எடை 86,000 பவுண்டு, அதாவது 39,000 கிலோ. இருக்கையைக் கழற்றி மாட்டி ஏமாற்றலாம். எடையை அப்படிச் செய்ய முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தார்கள் போலும். பிரேசிலின் எம்ப்ரேயர் செய்யும் இ-175 விமானத்தின் உச்ச எடை 38,790 கிலோ. வேலிக்குள் ஒரு விரற்கடை இடம்விட்டு உட்கார்ந்திருக்கிறது!

இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. ஜெட் எஞ்சின் காற்றைப் பின்னே தள்ளி உந்துவிசை பெறுகிறது. ஒரு விநாடியில் 1 கிலோ காற்றுக்கு 20 மீட்டர் வேகம் கொடுத்தால் உந்தம் 20; செலவாகும் ஆற்றல் 200 ஜூல். 2 கிலோ காற்றுக்கு 10 மீட்டர் வேகம் கொடுத்தாலும் உந்தம் அதே 20. ஆற்றலோ 100 ஜூல்தான். உந்தம் வேகத்தைப் பொறுத்தது, ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதனால் வந்த இலாபம். ஆகவே நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிற எஞ்சினே எரிபொருளை மிச்சப்படுத்தும். அதற்கு முன்புற விசிறி பெரியதாய் இருக்கவேண்டும். எஞ்சினின் உட்கருவைச் சுற்றிக்கொண்டு போகும் காற்றுக்கும் உள்ளே புகும் காற்றுக்குமுள்ள விகிதம் இ-175-இல் 5; அதன் புதிய வாரிசான இ-175-இ2-இல் 9. ஆனால் பெரிய விசிறி என்றால் கனமான எஞ்சின். அதைத் தாங்கக் கனமான இறக்கை. நீண்ட சக்கரக் கால்கள். புதிய விமானத்தின் உச்ச எடை 44 டன்னைத் தாண்டிவிட்டது.

இ-175-இ2 முதன்முதலில் 2019 டிசம்பரில் பறந்தது. சங்கங்கள் எல்லையைத் தளர்த்தும் என்று நம்பியே அதை வடிவமைத்தார்கள். தளரவில்லை. 2022-இல் எம்ப்ரேயர் அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஜப்பானில் மிட்சுபிஷி பெரும் பொருட்செலவில் உருவாக்கிய ஸ்பேஸ்ஜெட் விமானத்துக்கும் வேறு இடர்களோடு இந்த எடை வேலியும் தடையாய் நின்றது. 2023 பிப்ரவரியில் அது அடியோடு கைவிடப்பட்டது. ஆகவே அமெரிக்காவின் குறுந்தடங்களில் இன்றும் பழைய வகை எஞ்சின்களே பறக்கின்றன. அதற்காகச் சங்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலியை அகற்றினால் வேலை எங்கே போகும், என்ன சம்பளத்துக்குப் போகும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

யுனைடெட் கம்பெனி 2019-இல் வேறொரு வழி கண்டது. 76 இருக்கை வரையிலான விமானங்களுக்கென்று தனியே ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு, அது நிரம்பிவிட்டது. 50 இருக்கை வகைக்கு இடம் இருந்தது. எனவே 70 இருக்கைக்கென்று செய்த சி.ஆர்.ஜே.-700 விமானத்தை எடுத்து, இருக்கைகளைக் கழற்றி 50 ஆக்கி, உச்ச எடையைக் காகிதத்தில் 75,000 பவுண்டிலிருந்து 65,000 பவுண்டாகக் குறைத்துச் சான்றிதழ் வாங்கி, 'சி.ஆர்.ஜே.-550' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அதே உடல், அதே எஞ்சின். இருக்கைகள் இருந்த இடத்தில் இப்போது பெட்டி வைக்கும் அலமாரிகளும், பயணிகள் தாமே எடுத்துச் சாப்பிடத் தின்பண்டத் தட்டும் இருக்கின்றன.